நோன்பு வைத்த முயல்

போன நோன்பு மாதத்தில், மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த கையோடு, அட்டைப் பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் பறந்த பெண்பிள்ளை யார் என்று நம் தெருவில் பேச்சு நடந்ததாம். நான்தான். பெட்டிக்குள் வட்டிலாப்பம் இருந்தது என்று ஒருத்தி சொன்னாளாம். பகல் நோன்பில் வட்டிலாப்பத்தை யாராவது பாளையங்கோட்டைக்குக் கொண்டு போவார்களா? இருந்தது முயல்.

இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கும் என் வயதுதான். சவுதிக்குக் கடிதத்தைக் கேசட்டில் பேசி அனுப்பிய காலத்தில் நீங்களும் பாவாடை கட்டித் திரிந்தவர்கள்தான். மேலப்பாளையத்தில் ஒரு முயல் நோன்பு வைத்தது என்று அந்த நாளில் கேள்விப்பட்டிருப்பீர்கள். நேரில் வந்து பார்த்தவர்களும் உங்களில் இருக்கலாம். அது எங்கள் வீட்டு முயல்.

முதலில் இந்த வருடத்துக் கதையை முடித்துவிடுகிறேன். எங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தி முயல் வளர்க்கிறாள். அன்று அவள் பரீட்சைக்குப் போயிருந்தாள். துணி காயப்போட மாடிக்குப் போன எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. கிர்ர்... கிர்ர்... என்று பல்லோடு பல் தேய்கிற சத்தம். கையில் இருந்த ஈரத்துணியை அப்படியே வாளியில் போட்டேன்.

"நேத்து சாயந்தரத்துல இருந்து ஒண்ணும் திங்கல. வெயிலுக்குச் சோந்து கெடக்குது" என்றாள் அவளுடைய அம்மா.

முயல் முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருந்தது. காதைத் தொட்டேன். அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது. கூண்டுக்கு அடியில் மிளகு அளவுக்கு ரெண்டே ரெண்டு புழுக்கை, அதுவும் காய்ந்தது. அதற்குப் பிறகு நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அட்டைப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன்.

பாளையங்கோட்டை டாக்டர் சின்னப் பெண். படம் எடுத்து அடைப்பு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தோலுக்கு அடியில் மருந்துத் தண்ணீர் ஏற்றினாள். வலிக்கு ஓர் ஊசி, குடல் ஓட ஒரு மருந்து. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டாள். பிஸ்கட், சோறு, கேரட் என்று மாடி வீட்டம்மா சொன்னதை ஒப்பித்தேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"காய்ஞ்ச புல்லுதாம்மா இதுக்குச் சாப்பாடு. மத்ததெல்லாம் தொட்டுக்க. முயலால வாந்தி எடுக்க முடியாது, அதனால உள்ள போனது கீழ ஓடிக்கிட்டே இருக்கணும். நாய், பூனைக்கு ஆபரேஷன்னா வெறும் வயித்துல கொண்டு வரச் சொல்லுவோம். முயலுக்கு அதுகூடச் சொல்ல மாட்டோம். அரை நாள் திங்காம இருந்தாலே ஆபத்துதான்."

"அப்ப முயலுக்கு நோம்பே கெடையாதா?" என்று கேட்டேன்.

வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். "பல்லைக் கடிக்குறது வலியாலன்னு எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க? நிறையப் பேருக்குத் தெரியாது" என்றாள்.

"முன்னாடி ஒருக்கா கேசட்டுல கேட்டுருக்கேன்" என்று சொல்லி வைத்தேன். வேறு என்ன சொல்ல?

எனக்கு அப்போது ஒன்பது வயது. நோன்பு கோடையில் வந்த வருடம். வாய்க்காலில் தண்ணீர் வரத்து நின்று, மத்தியானத்தில் தெருவில் காக்கைகூடப் பறக்காத வெயில். உம்மாவும் சாச்சியும் முகப்பு அறையில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். வாய் உலர்ந்து பேச்சே இருக்காது. கத்தரிக்கோல் பீடி இலையை வெட்டுகிற சத்தமும் சுவர்க் கடிகாரமும்தான் கேட்கும். சுற்றிய பீடிகளின் முனையை மடக்கிக் கொடுப்பது என் வேலை.

சாச்சி, என் வாப்பாவின் தம்பி மனைவி. கல்யாணம் முடிந்து மூன்று மாதம் அவளோடு இருந்துவிட்டு சாச்சா சவுதிக்குப் போய்விட்டார். போய் இரண்டரை வருடம் ஆகியிருந்தது. போவதற்கு ஒரு வாரம் முன்னால் பேட்டையில் பட்டறை வைத்திருந்த கூட்டாளி ஒருவரிடமிருந்து ஒரு வெள்ளை முயலையும், அங்கேயே கம்பியைப் பற்ற வைத்துப் பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு கூண்டையும் கொண்டு வந்தார். "இதைப் பாத்துக்கிட்டே இரு, நாள் ஓடிரும்" என்று சாச்சியிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அன்றைக்கு அது எனக்கு மிக நல்ல யோசனையாகப் பட்டது.

சாச்சி முயலுக்குப் பெயர் வைக்கவில்லை. "இங்கருங்க" என்றுதான் கூப்பிடுவாள். நம் வீடுகளில் புருஷனைக் கூப்பிடுகிற மாதிரி. "இங்கருங்க, புல்லு வச்சிருக்கேன், வாங்க." உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "உங்க மாப்பிள்ளை இன்னிக்கு என்ன சொல்லுதாக?" என்று நான்கூடக் கேலி பண்ணியிருக்கிறேன். சாச்சிக்குக் கோபம் வந்ததில்லை.

காலையில் எழுந்ததும் கூண்டுக்கு அடியில் உருண்டு கிடக்கும் புழுக்கையைக் கூட்டி அள்ளி முருங்கை மரத்து மூட்டில் கொட்டுவதும் என் வேலைதான். ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையும். அந்தச் சிரட்டை இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கண் பக்கம் ஒரு சின்ன விரிசல் இருந்தது.

முயல் நோன்பு வைக்கிறது என்ற பேச்சு யார் வாயில் முதலில் வந்தது என்று தெரியவில்லை. முயல் எப்போதுமே வெயில் நேரத்தில் படுத்துக் கிடக்கும். பொழுது சாயும்போது எழுந்து துள்ளும், தின்னும். மற்ற பதினோரு மாதமும் அப்படித்தான் செய்தது, நாங்கள் கவனிக்கவில்லை. நோன்பு மாதத்தில்தான் வீட்டில் எல்லோரும் யார் சாப்பிடுகிறார்கள், யார் சாப்பிடவில்லை என்று பார்த்துக்கொண்டு இருப்போம். பகல் பூராவும் வாயைத் திறக்காமல் கிடந்த முயல், பொழுது அடைந்து மஃரிபு பாங்கு சொன்னதும் எழுந்து தட்டை நோக்கி ஓடுவதை நாலு நாள் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் அது நோன்பாளி ஆகிவிட்டது.

அடுத்த வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அதற்கடுத்த தெருவிலிருந்து வந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கி வந்து காட்டினார்கள். "ஒரு வாயில்லாச் சீவன் நோம்பு வைக்குது, உனக்கு என்ன கேடு?" என்று நோன்பை விட்ட பையன்களுக்கு எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்தே காது திருகல் நடந்தது. இந்தக் கூட்டம் சாச்சிக்குப் பிடித்திருந்தது. இரண்டரை வருடமாக அவளிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள், மாப்பிள்ளை எப்போது வருகிறார் என்று. இப்போது வேறு கேள்வி கேட்டார்கள்.

அந்த வருடம்தான் முப்பது நோன்பையும் பிடித்தே தீருவேன் என்று நான் வீம்பு பிடித்திருந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கடமையில்லை என்று உம்மா சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. தொண்டை வறண்டு நான் தூணில் சாய்ந்து கிடக்கும்போது யாராவது வந்து முயலை மெச்சினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும்தானே இருக்கிறேன்? என்னைப் பார்க்க யார் வந்தார்கள்?

இன்னொரு விஷயம், இதைப் பல வருடம் யாரிடமும் நானாகச் சொன்னதில்லை. எனக்கு நோன்புக் கஞ்சி பிடிக்காது. பள்ளிவாசலில் இருந்து தூக்குவாளியில் வரும் கஞ்சி. வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் கலந்து, ஊரே அடித்துப் பிடித்து வாங்கிக் குடிக்கும் கஞ்சி. எனக்கு அந்த வாடையே குமட்டும். குடிக்காமல் கீழே ஊற்றினால் பாவம். வேண்டாம் என்று சொன்னால் உம்மா விடமாட்டாள். சாச்சி பரக்கத்துக்காக, வீட்டில் வளம் பெருகட்டும் என்று, முயலின் தட்டில் ஒரு கரண்டி கஞ்சி ஊற்றுவாள். நான் என்ன செய்தேன், எல்லோரும் மஃரிபு தொழப் போனதும் என் கோப்பைக் கஞ்சியையும் அதே தட்டில் ஊற்றிவிட்டு, வடையையும் சர்பத்தையும் வைத்து வயிற்றை நிரப்பிக்கொண்டேன். முயல் நக்கி நக்கிக் குடித்தது. வீணும் ஆகவில்லை, பாவமும் இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். பேரீச்சம்பழம் மிஞ்சினால் அதையும் போட்டேன்.

நோன்பின் கடைசிப் பத்து நாளில் சிரட்டை நிறையவில்லை. இருபத்து மூன்றாம் நோன்பன்று பாதிதான் இருந்தது. மறுநாள் சிரட்டையின் அடியைக்கூட மறைக்கவில்லை. அதற்கு மறுநாள் கூட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

"சாச்சி, முயலு புழுக்கையே போடல."

"நோம்பு வச்சா புழுக்கை எங்கேருந்து புள்ள வரும்?" என்றாள்.

யோசித்துப் பாருங்கள், இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? எனக்கும் சரியென்றுதான் பட்டது. ஒரு வேலை மிச்சம் என்று விளக்குமாற்றைச் சாத்திவிட்டேன். மஃரிபுக்கும் அது எழுந்து வரவில்லை. "கடைசிப் பத்துல்லா, இன்னும் பேணுதலா இருக்குது" என்று பார்க்க வந்த ஒரு மாமி சொன்னாள். நோயின் அடையாளம் ஒவ்வொன்றும் எங்கள் வீட்டில் பக்தியின் அடையாளமாக ஆகிக்கொண்டிருந்தது.

ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு ஓதிக்கொடுக்கும் ஆலிம்சா. வாசலில் நின்று கேட்டுவிட்டு, "வாயில்லாச் சீவனுக்கு நோம்பு கடமையில்லம்மா. தீனி வைங்க. பட்டினி போட்டா அல்லாஹ் கேப்பான்" என்றார். சாச்சிக்கு முகம் விழுந்துவிட்டது. "நான் எங்க ஆலிம்சா பட்டினி போட்டேன்? தட்டு நெறைய வச்சிருக்கேன், அதாத்தான் திங்காம இருக்கு" என்றாள். அவர் போன பிறகு, ஆலிம்சாவுக்குப் பொறாமை என்று அதே மாமி சொன்னாள். முயலைப் பார்த்து ஆலிம்சாவுக்கு என்ன பொறாமை என்று ஒருவரும் கேட்கவில்லை.

இருபத்தாறாம் நோன்பன்று லுஹர் தொழுதுவிட்டுக் கேசட் பதிவு நடந்தது. பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் ஊரிலிருந்து ஒருவர் சவுதிக்குத் திரும்புகிறார், அவரிடம் கொடுத்துவிட வேண்டும். பதிவுக்கு ஒரு முறை உண்டு, உங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும். டேப்ரிக்கார்டரை நடுக்கூடத்தில் வைத்துச் சுற்றி எல்லோரும் உட்கார வேண்டும். முதலில் வாப்பா சலாம் சொல்லி ஊர்ச் சேதி பேசுவார். பிறகு உம்மா. பிறகு பிள்ளைகள் குர்ஆனிலிருந்து ஒரு சூரா ஓதிக்காட்ட வேண்டும். கடைசியில்தான் சாச்சி, அதுவும் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க. அந்தப் பக்கம் ஒரே அறையில் எட்டுப் பேர். கேசட் வந்தால் எட்டுப் பேரும் சேர்ந்துதான் கேட்பார்களாம். எழுதினால் மட்டும் என்ன? கடிதத்தை ஒட்டாமல்தான் வாப்பாவிடம் கொடுக்க வேண்டும். மிச்ச இடத்தில் அவர் நாலு வரி எழுதுவார்.

"எல்லாரும் சொகமா இருக்கோம். ஒரு கொறையும் இல்ல. நீங்க ஒடம்பப் பாத்துக்கிடுங்க." ஒவ்வொரு கேசட்டிலும் சாச்சி இதைத்தான் சொல்வாள். அப்புறம் கொஞ்ச நேரம் நாடா வெறுமனே ஓடும். வாப்பா தொண்டையைச் செருமுவார். பொத்தானை அமுக்கிவிடுவார்.

அன்றைக்கு அவளுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. "நீங்க வாங்கித் தந்தீகள்லா, அந்த மொயலு நோம்பு வச்சிருக்கு. ஊரே வந்து பாத்துட்டுப் போகுது. இப்பம் திக்ரும் செய்யுது. கேளுங்க." இப்படிச் சொல்லிவிட்டு டேப்ரிக்கார்டரைத் தூக்கி, பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்த கூண்டின் கம்பியோடு ஒட்டி வைத்தாள். எல்லோரும் மூச்சுக்கூட விடாமல் இருந்தோம். கிர்ர்... கிர்ர்... முயல் கண்ணைப் பாதி மூடி, உடம்பைக் குறுக்கி, தாடையை அசைத்துக்கொண்டே இருந்தது. உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் உடம்பு புல்லரித்தது, பொய் சொல்லக் கூடாது.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன்னால் அண்ணாச்சி வந்தார். செவ்வாய்க்கிழமைச் சந்தையில் ஆட்டுத் தரகு பார்ப்பவர். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வளர்க்க வாப்பா ஒரு குட்டி கேட்டிருந்தார். கறுப்புக் குட்டியைப் பின்கட்டில் கட்ட வந்தவர், முளைக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"ஏ பாப்பா, இது என்ன இப்படிப் பல்லைக் கடிக்குது?"

"திக்ர் செய்யுது அண்ணாச்சி."

"அப்படின்னா?"

"அல்லா பேரைச் சொல்லுதது."

அவர் சிரிக்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கூண்டைத் திறந்து முயலின் விலாவில் காதை வைத்துக் கேட்டார். கொஞ்ச நேரம் கேட்டார். காதை மாற்றி அந்தப் பக்கமும் கேட்டார்.

"சாமி பேரச் சொன்னா நல்லதுதான் தாயி" என்றார் கதவைப் பார்த்து. வெளி ஆம்பிளை வந்திருப்பதால் சாச்சி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "ஆனா வயித்துல சத்தத்தையே காணும். களகளன்னு கேக்கணும்லா? வெள்ளாடும் வலி பொறுக்கலைன்னா இப்படித்தான் கடிக்கும். இது ஓதல தாயி, நோவுல கெடக்கு. என்னத்தத் திங்கக் குடுத்திய?"

"புல்லுதான் அண்ணாச்சி" என்றாள் சாச்சி கதவுக்குப் பின்னாலிருந்து. குரல் தேய்ந்துபோயிருந்தது. "நோம்பு தொறக்கும்போது ஒரு கரண்டி கஞ்சி."

"ஒரு கரண்டிக்கு இப்படி ஆவாதே."

அண்ணாச்சியோடு நின்ற வாப்பா, சாச்சி இருந்த பக்கம் பார்த்தார். அண்ணாச்சி தட்டைப் பார்த்தார். நான் ஆட்டுக்குட்டியைப் பார்த்தேன். நான் வாயைத் திறந்தால், பிடித்த இருபத்தாறு நோன்பும் போய்விடும் என்று நினைத்தேன். எப்படிப் போகும், ஏன் போகும் என்றெல்லாம் தெரியாது, போய்விடும் என்று மட்டும் உறுதியாக நினைத்தேன். சொல்லாவிட்டால் பழி சாச்சி தலையில் நிற்கும். கூண்டுக்குள் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

"ஒரு கரண்டி இல்ல" என்றேன். "ஒரு கோப்பை. தெனமும். நாந்தான் ஊத்துனேன்."

அடுக்களையிலிருந்து உம்மா வந்தாள். கையை ஓங்கினாள், பிறகு இறக்கிக்கொண்டாள். "நோம்போட இருக்கேன். இல்லைன்னா இன்னைக்கு உன் தோலை உரிச்சிருப்பேன்."

 சாச்சி நின்ற கதவு திறந்தது. அண்ணாச்சி நிற்கிறார், வாப்பா நிற்கிறார், அவள் பாட்டுக்கு முக்காடு தோளில் சரிய வெளியே வந்து, கூண்டுக்குள் கையை விட்டு முயலைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். அண்ணாச்சி ஆட்டுக்குட்டியின் கயிற்றைச் சரிபார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்றார். அப்படித் திரும்பி நின்றுகொண்டேதான் வைத்தியம் சொன்னார்.

"சோறு, கஞ்சி, ரொட்டி ஒண்ணும் காட்டாதிய. நாரு இருக்கப்பட்ட புல்லு, அருகம்புல்லு மூக்குக்கிட்ட வச்சிக்கிட்டே இருங்க. தண்ணிய சொட்டுச் சொட்டா வாயோரத்துல விடுங்க, பைய விடணும், பொரை ஏறிரப்படாது. வயித்தை மேலேருந்து கீழ வெதுவெதுன்னு தடவிக் குடுங்க. கெடந்தா விடாதிய, நாலு எட்டு நடக்க விடுங்க. புழுக்கை விழுந்துட்டுன்னா பொழைச்சிரும். விழலைன்னா எனக்குத் தெரியாது தாயி."

இதையெல்லாம் மறுபடி போனபோது டாக்டர் பெண்ணிடம் சொன்னேன். புல், தண்ணீர், நடப்பது எல்லாம் சரிதான், வயிற்றைத் தடவியது மட்டும் உங்கள் அதிர்ஷ்டம் என்றாள். வயிறு காற்று அடைத்து ஊதியிருந்தால் அந்தத் தடவலே முயலைக் கொன்றிருக்குமாம்.

மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று வாப்பா சொல்லிப் பார்த்தார். ஆனால் ஊர் பார்க்க முயலைத் தூக்கிக்கொண்டு போக அவருக்குக் கூச்சம். அண்ணாச்சி சொன்னதையே செய்தோம். பேனாவுக்கு மை ஊற்றும் கண்ணாடி பில்லர் ஒன்றை வாப்பா புதிதாக வாங்கி வந்தார். அதில் தண்ணீரை உறிஞ்சி, முயலின் பல் இடுக்கில் சொட்டாக விடுவது என் பொறுப்பு. யாரும் என்னிடம் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். சாச்சி பீடித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, முயலை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். "இங்கருங்க, ஒரு வாய். ஒரே ஒரு வாய்" என்று அருகம்புல்லை நீட்டிக்கொண்டே இருந்தாள். பார்க்க வந்தவர்களை உம்மா வாசலோடு அனுப்பினாள். நோன்பு எப்படி இருக்கிறது என்று கேட்ட மாமிக்கு, "போயி உங்க வீட்டு நோம்பப் பாருங்க" என்று பதில் கிடைத்தது.

மறுநாள் முயல் ஒரு புல்லைக் கடித்தது. கடித்ததை விழுங்கியதா என்று பார்ப்பதற்குள் தலையைத் திருப்பிக்கொண்டது. கூண்டின் அடியில் சாக்கை விரித்து வைத்துக்கொண்டு நான் மணிக்கு நாலு தடவை பார்த்தேன். ஒன்றும் இல்லை.

இருபத்தொன்பதாம் நோன்பு திறந்து, மஃரிபு தொழுதுவிட்டு எல்லோரும் பிறை பார்க்க மொட்டை மாடிக்குப் போய்விட்டார்கள். நம் தெரு பூராவும் மாடி மாடியாகத் தலைகள். மேற்கே பார்த்து ஆளுக்கொரு பக்கம் விரலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். உம்மா இழுத்துப் போனதால் சாச்சியும் மேலே போயிருந்தாள். நான் மட்டும் கீழே, பின்கட்டில், கூண்டுக்கு அடியில் குனிந்துகொண்டிருந்தேன். சாக்கின் மேல் கறுப்பாக மூன்று கிடந்தன. மிளகைவிடச் சிறியவை, முடியில் கோத்த மாதிரி ஒன்றோடு ஒன்று தொங்கிக்கொண்டு. கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தேன். ஈரம் இருந்தது.

படி ஏறிய வேகத்தில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். "சாச்சி! மொயலு புழுக்கை போட்டுட்டு!" என்று கத்தினேன். பக்கத்து மாடிகளிலிருந்தும் திரும்பிப் பார்த்தார்கள். "பெறையைப் பாருன்னா இவ புழுக்கையைப் பாத்துட்டு வந்திருக்கா" என்று யாரோ சொன்னார்கள். சாச்சி யாரையும் பார்க்கவில்லை. என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். படியில் இறங்கும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம் அதற்குப் பிறகு எத்தனை பெருநாளில் வந்தது என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

அன்று பிறை தெரியவில்லை. முப்பதாவது நோன்பையும் பிடித்தேன். பெருநாள் காலையில் சிரட்டையில் கால்வாசி இருந்தது.

இனி மிச்சம் இருப்பது அந்தக் கேசட். பெருநாள் மறுநாள் சாச்சி அதைத் துணியில் பொதிந்துகொண்டிருந்தாள். எந்தப் பொத்தானை அமுக்கினால் அழியும் என்று எனக்குத் தெரியும். "சாச்சி, அது ஓதலைன்னு அண்ணாச்சி சொன்னாருல்லா? அந்த எடத்த மட்டும் அழிச்சிருவமா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் புள்ள" என்றாள்.

ஓதவில்லை என்று தெரிந்த பிறகும் ஓதுகிறது என்று அனுப்புகிறாள். பெருமைக்காகப் பொய். நான் கோப்பைக் கஞ்சியை ஒத்துக்கொண்ட பிள்ளை, இவளுக்கு அது கூட முடியவில்லை என்று மனசுக்குள் ஒரு இளக்காரம் விழுந்துவிட்டது. ஒன்பது வயதில் விழுந்தது எங்கே போகும்? பிறகு எத்தனையோ வருடம் சாச்சி எதைச் சொன்னாலும் அதில் பாதியைத்தான் நம்பினேன்.

ஒன்றரை மாதம் கழித்துச் சாச்சாவிடமிருந்து பதில் கேசட் வந்தது. எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். "மொயலுக்கு என் சலாம் சொல்லு. ரூம்ல எல்லாரும் கேட்டாக. மாஷா அல்லாஹ்ன்னு ஒரே ஆச்சரியம். எனக்கும் துஆ செய்யச் சொல்லு. இந்த வருசம் லீவு கெடைக்காது போல இருக்கு." வாப்பா சிரித்தார். உம்மா சிரித்தாள். சாச்சி முயலுக்குப் புல் வைக்க நேரமாகிவிட்டது என்று எழுந்து பின்கட்டுக்குப் போனாள். சாச்சா வந்தது அதற்கும் ஒன்றரை வருடம் கழித்து. அதற்குள் முயல் வயதாகிச் செத்து, முருங்கை மூட்டில் புதைத்தாயிற்று.

சாச்சா மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு சாச்சி என்னோடுதான் இருக்கிறாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அன்று டாக்டரிடமிருந்து திரும்பியதும் மாடி வீட்டு முயலை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசியில்லாத சிரிஞ்சில் கரைத்த தீனியை வாயோரத்தில் கொடுக்க வேண்டும், அந்தப் பெண்ணுக்கோ பரீட்சை. சாச்சி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதை மடியில் வாங்கிக்கொண்டாள். வலி ஊசிக்குப் பிறகு சத்தம் நின்றிருந்தது. ஆனாலும் காதை அதன் முகத்துப் பக்கம் கொண்டுபோய்க் கேட்டாள்.

கேட்டுவிடலாம் என்று தோன்றியது. "சாச்சி, அன்னைக்கு அந்தக் கேசட்டை ஏன் அழிக்கல? வலியில கடிக்குதுன்னு தெரிஞ்ச பொறகும்?"

"அழிச்சிட்டு வேற என்னத்தச் சொல்லுவேன் அதுல?" என்றாள். கையை முயலின் முதுகிலிருந்து எடுக்கவில்லை. "இங்க உங்க வாப்பா இருக்காக, உங்க உம்மா இருக்கா. அங்க எட்டுப் பேரு. எனக்கு வலிக்குதுன்னு நான் சொல்ல முடியுமா? அது சொல்லுச்சு. போகட்டும்னு விட்டுட்டேன். மத்தவங்களுக்கு வெளங்காட்டாலும் அவுகளுக்கு வெளங்கும்னு நெனச்சேன்."

சிரிஞ்சை முயலின் வாயோரத்தில் வைத்தேன். நாற்பது வருடம் இவளை இளக்காரமாகப் பார்த்திருக்கிறேன்.

"வந்த பொறகாவது சாச்சாகிட்ட சொன்னியளா?"

"அவுக வந்து எறங்குனதும் அதைத்தான் கேட்டாக, நோம்பு வச்ச மொயலு எங்கன்னு. அப்புறம் என்னத்தச் சொல்ல?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு மடியைத் தூக்கிக் கீழே பார்த்தாள். "ஏளா, இது புழுக்கை போட்டுதா?"

குனிந்து பார்த்தேன். பாயில் நாலைந்து கிடந்தன.

"போட்டுட்டு சாச்சி."

"அப்பம் சரி. புல்லை எடுத்துட்டு வா" என்றாள்.